மெயில் கம்பெனி பெயரில் வரும் போலி மெயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் மெயில் சம்பந்தப்பட்ட எந்தப் பிரச்சினையும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அது போக சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தெரிந்த சின்னக் கம்பெனிக்காரர்கள் என்று பலரும் வாட்ஸாப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "இது நிஜமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வங்கி பெயரில் வரும் மோசடியை இப்போது ஓரளவு எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். ஜிமெயில், அவுட்லுக், யாகூ, கம்பெனி வெப்மெயில் என்று மெயில் கொடுக்கிறவர் பெயரிலேயே வந்தால்தான் தடுமாறுகிறார்கள். அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். இணைய முகவரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், திரையில் நீங்கள் பார்ப்பது ஆங்கில எழுத்தில் இருக்கும்.

பேங்க்னா பணம் இருக்கு. என் மெயில்ல என்ன இருக்குன்னு அதைத் திருடப் போறாங்க?

எல்லாமே இருக்கிறது. ஃபேஸ்புக், அமேசான், ரயில் டிக்கெட், மியூச்சுவல் ஃபண்ட் என்று எதில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும் புது பாஸ்வேர்டுக்கான லிங்க் உங்கள் மெயிலுக்குத்தான் வரும். மெயில் ஒருவர் கைக்குப் போனால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போகும். ஆதார், பான் கார்டு ஸ்கேன்களை எப்போதோ யாருக்கோ அனுப்பியிருப்பீர்கள், அவை 'அனுப்பியவை' பகுதியில் அப்படியே கிடக்கும், நீங்கள் மறந்திருப்பீர்கள், தேடுகிறவன் மறக்க மாட்டான்.

இன்னொன்று, உங்கள் பெயர். உங்கள் முகவரியிலிருந்து உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு "அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டும்" என்று போனால் அவர்கள் நம்புவார்கள்.

'உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்'னு வந்திருக்கு. உண்மையா இருக்குமா?

மெயில்பாக்ஸ் நிரம்புவது உண்மையிலேயே நடக்கிற விஷயம், அதனால்தான் இந்தக் கதை இத்தனை வருஷமாக ஓடுகிறது. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். வாட்ஸாப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது என்பதால் பலருக்கு நிஜமாகவே நிரம்பியிருக்கிறது. நிரம்பினால் கூகுளே மெயில் அனுப்பும், அது பொய்யில்லை.

ஆனால் 24 மணி நேரத்தில் யாரும் கணக்கை மூட மாட்டார்கள். இடம் நிரம்பினால் புது மெயில் வருவது நிற்கும். தொடர்ந்து 2 வருஷம் அளவுக்கு மேலேயே இருந்தால்தான் உள்ளே இருப்பதை அழிக்கக்கூடும் என்பது கூகுளின் விதி. உங்களுக்கு நிரம்பிவிட்டதா என்று பார்க்க அந்த மெயிலே தேவையில்லை. ஜிமெயில் ஆப்பில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் எத்தனை ஜிபி போயிருக்கிறது என்று அதுவே காட்டும். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான்: மெயிலில் வந்த பட்டனை விட்டுவிட்டு, நீங்களாக உள்ளே போய்ப் பாருங்கள்.

அனுப்பினவர் பெயர் 'கூகுள்'னுதானே காட்டுது, அப்புறம் எப்படி அது போலி ஆகும்?

தபால் உறையின் மேல் அனுப்புநர் பெயர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை இல்லையா, மெயிலும் பிறந்தது அப்படித்தான். 1982ல் எழுதப்பட்ட விதிமுறை அது. நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றுவார்கள் என்று அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அனுப்பியவர் யார் என்று சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் பல வருஷம் கழித்துத்தான் ஒட்டுப்போட்டுச் சேர்க்கப்பட்டன. தினமும் 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்தே ஆக வேண்டும் என்று கூகுள் கட்டாயப்படுத்தியதே 2024 பிப்ரவரியில்தான்.

அதனால் பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். போனில் பெயர் மட்டும்தான் தெரியும், 'எனக்கு' என்று சின்னதாக இருக்கும் இடத்தைத் தொட்டால் முழு முகவரி விரியும். ஏமாற்றுகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். பெயர் 'ஜிமெயில் டீம்' என்று இருக்கும், முகவரியோ எங்கோ ஒரு பள்ளிக்கூடத்து மெயிலாக இருக்கும். அந்தப் பள்ளிக்கூடம் தப்பு எதுவும் செய்திருக்காது, அங்கே ஒருவர் இதே மாதிரி மெயிலில் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார்.

சரி, முகவரியைப் பார்த்தாச்சு. அது கூகுளோடதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?

வலது பக்கத்திலிருந்து படியுங்கள். அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம் என்றால் கடைசியில் கூகுள்.காம் இருக்கிறது, அது கூகுளுடையது. கூகுள்.காம்.மெயில்செக்.டாப் என்றால் கடைசியில் இருப்பது மெயில்செக்.டாப், யாரோ ஒருவர் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது, அதற்கு முன்னால் கூகுள் என்று அவர் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். லிங்க்காக இருந்தால் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதோடு வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியில் கடைசியைப் பாருங்கள், அந்தச் சாய்கோட்டுக்குப் பிறகு எத்தனை முறை ஜிமெயில் என்று எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. அப்புறம் நடுவில் கோடு போட்டுச் சேர்த்தது: கூகுள்-சப்போர்ட்.காம் என்பது கூகுள்.காம் கிடையாது, முழுக்க வேறு ஆள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்தையும் பக்கத்தில் போட்டால் எம் மாதிரித் தெரியும், ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவார்கள். போன் திரையில் இதெல்லாம் கண்ணுக்கே படாது.

எரிச்சல் என்னவென்றால் நிஜமான முகவரிகளும் சில சமயம் போலி மாதிரியே இருக்கும். மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு மெயில்கள் அக்கவுண்ட்புரொடெக்ஷன்.மைக்ரோசாஃப்ட்.காம் என்ற முகவரியிலிருந்து வருகின்றன, பார்த்தால் சந்தேகம்தான் வரும், ஆனால் அசல். அவுட்லுக் கணக்குக்கு லாகின் செய்கிற பக்கம் லாகின்.லைவ்.காம் என்று இருக்கும், அதில் அவுட்லுக் என்ற பெயரே கிடையாது. ஜோஹோ மெயில் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு காம் என்பதற்குப் பதில் ஜோஹோ.இன் என்று வரும், அதுவும் சரிதான். ஆக, முகவரி தப்பாக இருந்தால் போலி என்று முடிவு செய்துவிடலாம். சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்ய முடியாது, அது ஏன் என்பது கீழே ஒரு கேள்வியில் வருகிறது.

லிங்க்கை அழுத்தாமலே அது எங்கே போகுதுன்னு பார்க்க முடியுமா?

கணினியில் மவுஸை லிங்க் மேல் வைத்தால் கீழ் மூலையில் முகவரி தெரியும். போனில் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் காட்டும், அவசரத்தில் விரலை எடுத்துவிட்டால் திறந்துவிடும்! சுருக்கப்பட்ட லிங்க்காக இருந்தால் பார்த்தும் பயனில்லை. சில அலுவலகங்களில் மெயில் சர்வரே பாதுகாப்புக்காக எல்லா லிங்க்கையும் தன் பெயருக்கு மாற்றி எழுதிவிடும், அங்கே எல்லாமே நீளமாக ஒரே மாதிரி இருக்கும். லிங்க்கே இல்லாமல் கியூஆர் கோட் படத்தை வைத்து "போனில் ஸ்கேன் செய்யுங்கள்" என்று வருவதும் உண்டு. அலுவலகக் கணினியில் இருக்கும் பாதுகாப்பைத் தாண்டி உங்களை உங்கள் சொந்த போனுக்கு இழுப்பதற்கான வேலை அது.

இந்தத் துப்பறியும் வேலை எல்லாருக்கும் தேவையில்லை என்பது என் கட்சி. லிங்க் நல்லதா கெட்டதா என்று ஆராய்வதை விட அதைத் தொடாமல் இருப்பது சுலபம்.

பூட்டு படம் இருந்தா பாதுகாப்பான சைட்னு சொல்லிக் கொடுத்தாங்களே?

அது பழைய பாடம். பூட்டு என்றால் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் வேறு யாரும் படிக்க முடியாது என்று அர்த்தம். அந்தத் தளம் திருடனுடையதாக இருந்தால், திருடனிடம் பத்திரமாகப் போய்ச் சேரும். அதற்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023ல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

இங்கிலீஷ் தப்பா இருந்தா போலின்னு கண்டுபிடிச்சிடலாம்ல?

முன்பு முடிந்தது. இப்போது எழுதித் தருவதற்குக் கருவிகள் வந்துவிட்டன, பிழையே இல்லாத இங்கிலீஷில் வரும், தமிழில் கூட ஒழுங்காக வரும். அதுவும் போக, பல போலி மெயில்கள் அசல் கூகுள் மெயிலை எடுத்து அப்படியே வைத்து பட்டனின் லிங்க்கை மட்டும் மாற்றியவை. லோகோ, எழுத்துரு, கீழே இருக்கும் கலிஃபோர்னியா முகவரி எல்லாம் அசலேதான். பார்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எங்க கம்பெனி மெயில் ஜிமெயில் இல்லை, சொந்த டொமைன். எங்களை யாருக்குத் தெரியும், எங்களுக்கு ஏன் வருது?

என்னைக் கேட்டால் அதிகம் மாட்டுவது நீங்கள்தான். உங்கள் டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பிறகு வரும் பெயர்) எந்த ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது என்பது வெளியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல், முகவரி உங்கள் வெப்சைட்டிலேயே இருக்கிறது. வெப்மெயில் பக்கம் பெரும்பாலும் சிபேனல், ரவுண்ட்கியூப் என்ற ரெடிமேட் மென்பொருளில் உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், அதைப் போல ஒன்று செய்வது சுலபம். உங்களுக்கு வரும் மெயிலில் 'மெயில் அட்மின்' என்றோ உங்கள் டொமைன் பெயரோடு சேர்த்து 'சப்போர்ட்' என்றோ இருக்கும். "உங்களுக்கு வந்த 6 மெயில்கள் சர்வரில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன, வெளியே எடுக்க இங்கே அழுத்தவும்." கீழே அந்த ஆறின் தலைப்பும் இருக்கும்: புது ஆர்டர், பேமெண்ட் விவரம், டெண்டர் பதில். ஆர்டருக்காகக் காத்திருக்கிற மனிதர் அழுத்தாமல் என்ன செய்வார்? இதோடு "இன்று உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிறது, பழையதையே வைத்துக்கொள்ள இங்கே அழுத்தவும்" என்று ஒரு வகையும் உண்டு.

அழுத்தினால் வரும் பக்கத்தில் உங்கள் மெயில் முகவரி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும், உங்கள் கம்பெனி லோகோ கூட இருக்கும். அது உங்களுக்காக உட்கார்ந்து செய்தது என்று நினைக்க வேண்டாம். லிங்க்கின் வாலில் உங்கள் முகவரி ஒட்டியிருக்கிறது, அதிலிருந்து டொமைனை எடுத்து லோகோவைத் தானாகவே கொண்டு வந்து வைக்கிற பக்கம் அது. முதல் தடவை பாஸ்வேர்ட் போட்டால் 'தவறு' என்று சொல்லும். தப்பாக அடித்துவிட்டோமோ என்று நீங்கள் இன்னொரு முறை நிதானமாக அடிப்பீர்கள், அவர்களுக்குச் சரியானது உறுதியாகிவிடும். பிறகு உங்களை உங்கள் அசல் வெப்சைட்டுக்கே அனுப்பிவிடும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் பொறுமையான வேலை. உள்ளே வந்தவன் உடனே எதையும் தொட மாட்டான். ஏற்றுமதிக் கம்பெனியாக இருந்தால் எந்த பையருக்கு (உங்களிடம் வாங்குகிறவருக்கு) எப்போது இன்வாய்ஸ் போகிறது, எந்தத் தொனியில் எழுதுகிறீர்கள் என்று வாரக்கணக்கில் படிப்பான். சரியான நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று உங்கள் மெயில் தொடரிலேயே, உங்கள் முகவரியிலிருந்தே பையருக்கு ஒரு பதில் போகும். பையர் பணம் கட்டிவிட்டேன் என்பார், உங்களுக்கு வந்திருக்காது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று எந்தப் பக்கமிருந்து மெயில் வந்தாலும் ஏற்கெனவே கையில் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும் என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாவே யாரோ என் அக்கவுண்ட்ல நுழையப் பார்த்து, கூகுள் எச்சரிக்கை அனுப்பியிருந்தா? கண்டுக்காம விட்டா ஆபத்தில்லையா சார்?

கண்டுகொள்ளுங்கள், ஆனால் அந்த மெயில் வழியாக வேண்டாம். ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு 2016 மார்ச்சில் இப்படித்தான் ஒன்று வந்தது. யாரோ உக்ரைனிலிருந்து உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வரப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்று ஜிமெயில் பெயரில். அவருடைய அலுவலகத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தவில்லை, கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் 'இது உண்மையான மெயில்' என்று பதில் எழுதிவிட்டார். போலி என்று எழுத நினைத்துத் தட்டச்சில் தவறிவிட்டது என்று பிறகு சொன்னார். கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் அதே பதிலில் பாஸ்வேர்ட் மாற்றுவதற்கான சரியான கூகுள் முகவரியையும் கொடுத்திருந்தார். அதன் வழியாகப் போயிருந்தால் மெயில் அசலா போலியா என்பதில் அவர் செய்த தவறுகூட ஒன்றும் செய்திருக்காது. பழைய மெயிலில் இருந்த பட்டனைத்தான் அழுத்தினார்கள். அக்டோபரில் அவருடைய மெயில்கள் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளிவர ஆரம்பித்தன. இதையும் சேர்த்து 2018ல் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர் மேல் அமெரிக்கா குற்றம் சாட்டியது.

உங்களுக்கு வந்த எச்சரிக்கை அசல் என்றால் அது உங்கள் கணக்குக்குள்ளும் இருக்கும். மைஅக்கவுண்ட்.கூகுள்.காம் என்று நீங்களே அடித்து உள்ளே போய், 'பாதுகாப்பு' பகுதியில் சமீபத்திய நடவடிக்கைகளைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் மெயிலைத் தூக்கிப் போடுங்கள். மைக்ரோசாஃப்டிலும் யாகூவிலும் இதே மாதிரி பக்கம் உண்டு.

அண்ணா, நான் டூ ஸ்டெப் போட்டிருக்கேன். பாஸ்வேர்ட் தெரிஞ்சாலும் ஓடிபி இல்லாம உள்ளே வர முடியாதே?

போட்டிருப்பது நல்லதுதான், எடுத்துவிடாதீர்கள். ஆனால் இப்போதைய போலிப் பக்கங்கள் பல சும்மா படம் காட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் உட்கார்ந்து, நீங்கள் அடிப்பதை அந்த நொடியே அசல் கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ அனுப்பும், அங்கிருந்து ஓடிபி கேட்டால் உங்களிடமும் கேட்கும், நீங்கள் போட்டால் அதையும் அனுப்பும். லாகின் முடிந்ததும் 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று பிரவுசருக்குக் கிடைக்கும் குக்கீ அவன் கைக்குப் போய்விடும். பிறகு அவனுக்கு உங்கள் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். போனில் 'நீங்கள்தானா?' என்று கேட்டு 'ஆம்' அழுத்தச் சொல்கிற வகைக்கும் இதே கதிதான்.

இதற்குத் தாக்குப்பிடித்து நிற்பது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி), அல்லது யூஎஸ்பியில் செருகுகிற செக்யூரிட்டி கீ. அவை எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டனவோ அந்த முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும். உங்கள் கண் ஏமாந்தாலும் அவை ஏமாறாது. கூகுள் தன் ஊழியர்கள் 85,000 பேருக்கும் மேல் இந்தக் கீயைக் கட்டாயமாக்கிய பிறகு ஒருவருடைய வேலைக் கணக்கு கூட ஃபிஷிங்கில் (இப்படிப் போலி மெயில், போலிப் பக்கம் வைத்து ஏமாற்றுவதில்) போனதாகத் தெரியவில்லை என்று 2018ல் சொன்னது. பாஸ்கீ இப்போது போனில் கைரேகையிலேயே வேலை செய்கிறது, காசு கிடையாது. அது வேண்டாம் என்றால் பாஸ்வேர்ட் மேனேஜராவது வையுங்கள். வழக்கமாகத் தானாக நிரப்புகிற அது ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், முகவரி வேறு என்று அர்த்தம். அங்கே பாஸ்வேர்டை எடுத்து ஒட்டப் போகாதீர்கள்.

என்கிட்ட பாஸ்வேர்டே கேக்கல. 'அனுமதி'ன்னு ஒரு பட்டன் மட்டும் அழுத்தினேன். அதுல என்ன ஆகப்போகுது?

2017 மே 3 அன்று தெரிந்தவர்களிடமிருந்து 'உங்களோடு ஒரு கூகுள் டாக்ஸ் பகிர்ந்திருக்கிறேன்' என்று உலகம் முழுக்க மெயில் போனது. அழுத்தினால் வந்தது அசல் கூகுள் பக்கம். முகவரி சரி, எல்லாம் சரி. ஆனால் அங்கே அனுமதி கேட்டது யாரோ எழுதிய ஒரு ஆப், அதற்குப் பெயரே 'கூகுள் டாக்ஸ்' என்று வைத்திருந்தார்கள். அனுமதித்ததும் அது அவர் மெயிலுக்குள் போய், அவர் தொடர்பில் இருந்த எல்லாருக்கும் அதே மெயிலை அனுப்பியது. கூகுள் சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டது.

இதில் பாஸ்வேர்ட் திருடு போகவில்லை, அதனால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. முந்தின கேள்விக்கு முன்னால் சொன்ன அதே பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் கணக்கோடு இணைந்துள்ள ஆப்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் அங்கே நீக்குங்கள். உங்கள் மெயிலைப் படிக்க, அனுப்ப, அழிக்க அனுமதி கேட்கிற ஆப் எதற்கும் சட்டென்று சரி சொல்லாதீர்கள், ஜாதகம் பார்க்கிற ஆப்புக்கு உங்கள் மெயில் எதற்கு?

அனுப்புநர் முகவரி சரி, ஸ்பாம்லயும் போகல, கையொப்பம் கூட கூகுளோடதுதான்னு காட்டுது. இப்பவாவது நம்பலாமா?

நல்ல கேள்வி, மேலே பாக்கி வைத்ததும் இதுதான். 2025 ஏப்ரலில் ஒரு மெயில் வெளியே வந்தது. அனுப்பியது கூகுளின் அசல் நோ-ரிப்ளை முகவரி, டிகிம் கையொப்பமும் (அனுப்புகிற கம்பெனியின் சர்வர் தானாகப் போடும் டிஜிட்டல் முத்திரை) அசல், ஜிமெயில் அதை மற்ற நிஜமான பாதுகாப்பு எச்சரிக்கைகளோடு ஒரே வரிசையில் காட்டியது. உங்கள் கணக்கின் விவரங்களைக் கேட்டு கூகுளுக்கு நீதிமன்ற உத்தரவு வந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எப்படிச் செய்தார்கள் என்றால், ஒரு ஆப் உருவாக்கி, அந்த ஆப்பின் பெயர் போட வேண்டிய இடத்தில் இந்த மோசடிக் கடிதம் முழுவதையும் பெயராகவே போட்டார்கள். பிறகு தாங்களே உருவாக்கிய கணக்கில் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். 'இந்தப் பெயருள்ள ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்' என்று கூகுள் கடமையாகக் கையொப்பம் போட்டு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அந்தக் கடிதத்தைக் கையொப்பம் கலையாமல் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்த லிங்க் போய்ச் சேர்ந்த இடமும் சைட்ஸ்.கூகுள்.காம் என்ற முகவரிதான். வலது பக்கத்திலிருந்து படித்தால் கூகுள்.காம் சரியாகவே இருக்கும்! ஆனால் சைட்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் போடுகிற இடம். கூகுள் லாகின் அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம் என்ற இடத்தில் மட்டும்தான் நடக்கும், டாக்ஸ், ஃபார்ம்ஸ், சைட்ஸ் எதிலும் பாஸ்வேர்ட் கேட்கவே கூடாது. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் நீல டிக்கை நம்பலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அது 2023 மே மாதம் வந்தது, அடுத்த மாதமே ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரில் நீல டிக்கோடு போலி மெயில் வந்துவிட்டது. கூகுள் விதியை இறுக்கியது, அது வேறு விஷயம்.

ஆக, நம்பலாமா என்ற கேள்வியையே தவிர்த்துவிடலாம். உத்தரவு வந்திருந்தாலும் வரவில்லையென்றாலும் நீங்கள் அந்த மெயிலின் வழியாக லாகின் செய்யப்போவதில்லை.

மெயிலைத் திறந்து பார்த்துட்டேன். போன் ஹேக் ஆகிடுச்சா?

திறந்ததால் மட்டும் பொதுவாக ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்ட் போட்டால், அனுமதி கொடுத்தால், இணைப்பில் வந்த ஃபைலைத் திறந்தால், ஆப் எதையாவது நிறுவினால்தான் கவலை. 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்திவிட்டு வரட்டுமா என்று கேட்கிறார்கள், போலி மெயிலில் அதுவும் அவர்கள் போட்ட லிங்க்தான், வேண்டாம்.

பாஸ்வேர்ட் கொடுத்துட்டேன்... இப்ப என்ன பண்றது?

முதலில், வேறு எதையும் செய்வதற்கு முன், நீங்களாக உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், மேலே குக்கீ பற்றிச் சொன்னது இதற்காகத்தான். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும், இந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். மீட்பு போன் நம்பரும் மாற்று மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். உள்ளேயே போக முடியவில்லை, நம்பரை மாற்றிவிட்டான் என்றால் தாமதிக்காமல் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை உங்கள் பழைய நம்பரை வைத்து மீட்க வாய்ப்பு உண்டு.

பலரும் விட்டுவிடுவது அடுத்தது. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் 'ஃபில்டர்', 'ஃபார்வர்டிங்' இரண்டு பகுதியையும் பாருங்கள். உள்ளே வந்தவன் உங்கள் மெயில் எல்லாம் தனக்கும் ஒரு காப்பி வருகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருப்பான், நீங்கள் பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் அது வந்துகொண்டே இருக்கும். அவுட்லுக்கில் 'ரூல்ஸ்' என்று இருக்கும். வங்கி, இன்வாய்ஸ் என்ற சொல் வந்தால் ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்கு (வெப்சைட்களின் புதுப் பதிவுகள் வந்து சேர்வதற்கான இடம்) தள்ளு, படித்ததாகக் குறி என்று ஒரு விதி அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த ஃபோல்டரை யாருமே திறப்பதில்லை, அவனுக்கும் அது தெரியும். இணைந்துள்ள ஆப்களையும் பார்த்துவிடுங்கள்.

அலுவலக மெயில் என்றால் அந்த நிமிஷமே உங்கள் மெயில் அட்மினிடம் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மாலை வரை சொல்லாமல் வைத்திருப்பதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. திட்டுகிற மேலாளர்களுக்கும் ஒன்று: ஒருவரைத் திட்டினால் அடுத்தவர் உங்களிடம் சொல்லவே மாட்டார்.

கூகுள்ல இருந்து பேசறோம்னு போனே வந்துச்சு தம்பி. மெயில்ல வந்த அதே விஷயத்தைச் சொன்னாங்க, அப்ப உண்மைதானே?

இல்லைங்க. மெயிலும் அவர்களே அனுப்பி, போனும் அவர்களே செய்வார்கள், ஒன்றுக்கு இன்னொன்று சாட்சி ஆகிவிடும். உங்கள் கணக்கில் பிரச்சினை என்று கூகுள் தானாக உங்களைக் கூப்பிட்டு கோட் கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனுக்கு நிஜமான கூகுள் கோட் வரும், "பாருங்க, நாங்கதான் அனுப்பினோம்" என்பார்கள். அவர்கள் அந்தப் பக்கம் உங்கள் கணக்கில் லாகின் செய்ய முயல்வதால்தான் அது வருகிறது. வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 70 வயசு. டிகிம், டொமைன்னு அவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கறது?

சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் போனில் பாஸ்கீ போட்டுவிடுங்கள். "மெயிலில் இருந்து போகிற எந்தப் பக்கத்திலும் பாஸ்வேர்ட் போட வேண்டாம்பா, கேட்டால் எனக்கு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே தன் மெயிலுக்குள் உட்கார்ந்துதான் அதைப் படிக்கிறார், மறுபடி எதற்கு பாஸ்வேர்ட் என்று அவருக்கே புரியும். சில முக்கியமான அமைப்புகளை மாற்றும்போது கூகுளும் மறுபடி கேட்கும் என்பது உண்மைதான், அதை அவர் மாற்றப்போவதில்லை. மீட்பு நம்பராக உங்கள் நம்பரையும் சேர்த்துவிடுங்கள்.

டெலீட் பண்ணிட்டா போதாதா? யார்கிட்ட புகார் பண்ணணும்?

டெலீட்டுக்கு முன்னால் மூன்று புள்ளி மெனுவில் 'ஃபிஷிங் என்று புகாரளி' இருக்கும், கணினியில் திறந்தால் சுலபமாகக் கிடைக்கும். அழுத்தினால் அதே மெயில் மற்றவர்களுக்குப் போவதைத் தடுக்க உதவும். இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. பணம் போகாவிட்டாலும் சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகார் பதியலாம். அதற்கு மெயிலையே அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

அலுவலகத்தில் எல்லாரையும் எச்சரிக்க வேண்டும் என்றால் அந்த மெயிலை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். உள்ளே லிங்க் உயிரோடுதான் இருக்கும், உங்கள் பெயரில் வந்தது என்று யாராவது அழுத்திவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், கியூஆர் கோட் இருந்தால் அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு.